சத்தியஜித் ராயும் அபுவின் மூன்று படங்களும்

சென்ற ஐப்பசித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் விடுதி மாணவர் மன்றத்தில் ஒரு வழக்காடல் நிகழ்ந்தது. மூன்று படங்களாய்த் தொடர்ந்து ஒரு முழுமையாய் நிற்கும் திரைக்கதைகளுள் தலையாயது எது, அதனை அவ்வாறு உயர்த்துவது யாது என்பதே அன்று எடுத்துக்கொண்ட பொருள். தாம்பரத்து மழை அன்று விடாது பெய்தமையால் பந்தாட்டத் திடலுக்குச் செல்வார் ஒருவரும் இலராக, மன்றம் நிரம்பியிருந்தது. கூட்டத்தின் மிகுதிக்குப் பேசுவோரின் திறமே காரணமென்று எவரும் மயங்கற்க.

நண்பர் ஒருவர், டோல்கீனின் கதையைப் பீட்டர் ஜாக்சன் என்பார் நியூசிலாந்து நாட்டில் ஒருங்கே படம்பிடித்து, 2001 முதல் 2003 வரை ஆண்டுக்கொன்றாய் வெளியிட்ட மோதிரக் கதையே முதன்மையுடைத்து என்றார். மற்றொருவர் கொப்போலாவின் காட்ஃபாதரை எடுத்துக்கொண்டு, 1972இலும் 1974இலும் வந்த முதலிரண்டும் மலைபோல் நிற்க, 1990இல் வந்த மூன்றாவது சற்றே தளர்ந்தது என்று கூறித் தம் கட்சியைத் தாமே பாதி தோற்பித்துக்கொண்டார். மூன்றாமவர் நம் மணிரத்னத்தின் ரோஜா, பம்பாய், உயிரே ஆகியவற்றைச் சொல்லி, கதையும் மாந்தரும் வேறாயினும் நாட்டின் பூசலிடையே அகப்பட்ட காதல் என்னும் பொருள் ஒன்றே ஆதலின் அவை மூன்றும் ஒன்றே என்று சாதித்தார். யாம் எழுந்து, வங்கத்துச் சத்தியஜித் ராய் அவர்கள் 1955 முதல் 1959 வரை அளித்த அபுவின் கதையை முன்மொழிந்தோம்.

அப்பொழுது எதிர்க்கட்சி நண்பர் ஓர் இலக்கணம் விதித்தார். முப்படத் தொடர் என்பது தொடக்கத்திலேயே ஒரு மனத்தால் முழுதும் வகுக்கப்பெறல் வேண்டும். கடைக்கால் தோண்டும்போதே மூன்று மாடிக்கும் கணக்கிட்டுத் தோண்டுவது போல. அவ்வாறின்றி ஒன்று வென்றபின் மற்றொன்று, அதன்பின் இன்னொன்று என்று சேர்ப்பது ஒட்டுத்திண்ணையே அன்றி மாடமன்று என்றார். உங்கள் ராய் முதலிலேயே மூன்று என்று எண்ணினாரோ என்றும் வினவினார். எமக்கு விடை எழவில்லை, அமர்ந்துவிட்டோம். பின்னர் அப்பெரியாரின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். படித்ததை நண்பர்க்கு உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சத்தியஜித் ராய் 1921ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். பாட்டனார் உபேந்திரகிசோர், எழுத்தாளர், ஓவியர், அச்சுக்கலையில் நுண்மை கண்டவர். 1913இல் சந்தேசு என்னும் சிறுவர் திங்களிதழைத் தொடங்கியவர். தந்தையார் சுகுமார் ராய், வங்கச் சிறுவர் இன்றளவும் வாய்விட்டுச் சிரித்துப் படிக்கும் வேடிக்கைப் பாடல்களின் ஆசிரியர். அவர் 1923இல் காலா அசார் என்னும் கொடுங்காய்ச்சலால் மறைந்தபோது மைந்தனுக்கு வயது மூன்றும் நிரம்பவில்லை. சில ஆண்டுகளில் அச்சகமும் கடனில் மூழ்கிற்று. அன்னையார் சுப்ரபா, ஒரே பிள்ளையை அழைத்துக்கொண்டு தம் உடன்பிறந்தார் இல்லம் புகுந்து, கைம்பெண்கள் பயிலும் ஒரு கல்விக்கூடத்தில் தையற்கலை கற்பித்து அவரை வளர்த்தார். கணவனை இழந்த தாயும் ஒற்றைப் பிள்ளையும் என்னும் இச்செய்தியை நண்பர்கள் மனத்தில் இருத்துக, பின்னர் வேண்டப்படும்.

மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்று பட்டம் பெற்றார். அதில் அவர்க்கு ஆர்வமிருந்ததாகத் தெரியவில்லை. (கல்கத்தா மாநிலக் கல்லூரி என்க, நம் சென்னையதன்று.) பின்னர் அன்னையின் விருப்பத்திற்கிணங்கி, நகர வாழ்வைவிட்டுச் செல்ல மனமின்றியே, 1940இல் சாந்திநிகேதனம் சென்று நந்தலால் போசு, வினோத பிகாரி முகர்ஜி ஆகியோரிடம் ஓவியம் பயின்றார். வேண்டாவெறுப்பாகச் சென்ற அவ்விடத்தேதான் நம் நாட்டுக் கலையை அவர் கண்ணுற்றார். 1943இல் கல்கத்தாவில் ஓர் ஆங்கில விளம்பர நிறுவனத்தில் திங்கள் எண்பது ரூபாய் ஊதியத்தில் அமர்ந்தார். அவ்வேலையோடு நூல்களுக்கு அட்டைச் சித்திரமும் வரைந்தார். அங்ஙனம் அவர் கையில் வந்த நூல்களுள் ஒன்றே விபூதிபூஷண் வந்தியோபாத்தியாயர் 1929இல் வெளியிட்ட பதேர் பாஞ்சாலி என்னும் புதினத்தின் சிறுவர் சுருக்கம். சித்திரம் தீட்டத் தொடங்கியவர்க்கு, அக்கதை திரையில் ஓடத்தக்கது என்னும் எண்ணம் அப்போதே முளைத்தது.

1947இல் நண்பர் சிலரோடு கூடிக் கல்கத்தா திரைப்படச் சங்கம் நிறுவினார். பிரெஞ்சு நாட்டு இயக்குநர் ழான் ரெனுவார் கங்கைக் கரையில் படமெடுக்க வந்தபொழுது உடன் சென்று இடம் காட்டினார். 1950இல் நிறுவனத்தார் இலண்டனுக்கு அனுப்ப, அங்கிருந்த ஏறத்தாழ ஆறு திங்களில் நூற்றுக்கு ஒன்று குறையப் படங்கள் பார்த்தார். அவற்றுள் இத்தாலியர் எடுத்த மிதிவண்டித் திருடர்கள் என்னும் படம், கூலிக்கு நடிப்பார் இன்றியும் கூடங்களுக்கு வெளியே தெருவில் நின்றும் பெரும்படம் செய்யலாகும் என்று அவர்க்கு உறுதி கூறிற்று. திரும்பிவரும் கப்பலிலேயே தம் படத்திற்குக் குறிப்பெழுதலானார்.

இனிப் பதேர் பாஞ்சாலி எடுத்த கதை. இதனை விரித்தே சொல்லல் வேண்டும். கையிற் பொருளில்லை. ஒளிப்பதிவாளராகிய சுப்ரத மித்ரர் இருபத்தோரு வயதினர். அதற்குமுன் திரைப்படக் கருவியைக் கையாண்டறியாதவர். முழுமையான எழுத்துப் பிரதியும் இல்லை. குறிப்புகளும் கோட்டோவியங்களுமே இருந்தன. 1952 அக்டோபர் 27ஆம் நாள், வெள்ளிய நாணற்பூ விரிந்த வெளியில் அபுவும் தமக்கை துர்க்கையும் இரயில் காண ஓடும் காட்சியைத் தொடங்கினர். அடுத்த ஞாயிறன்று எஞ்சியதை எடுக்கச் சென்றவர்கள் கண்டது வெறும் தரையே. பூவனைத்தையும் மாடுகள் மேய்ந்துவிட்டன. மறுபடியும் பூக்கும் பருவம்வரை காத்திருந்தே அக்காட்சியை முடித்தனர். வேலைக்குச் செல்லாத நாள்களில் மட்டுமே படப்பிடிப்பு. ஆயுட்காப்புப் பத்திரம் அடகுக்குச் சென்றது. அரும்பாடுபட்டுச் சேர்த்த இசைத்தட்டுகள் விலைபோயின. மனைவியார் விஜயாவின் நகைகளும் அவ்வழியே சென்றன. ஆயினும் பணமின்றி வேலை பல திங்கள் நின்றுபோயிற்று.

முடிவில் மேற்கு வங்க அரசினர், முதலமைச்சர் பி. சி. ராய் அவர்கள் காலத்தில், பொருளுதவினர். படத்தின் பெயர்க்குச் சிறுபாதையின் பாட்டு என்பது பொருளாதலின், அத்தொகை பாதை செப்பனிடும் கணக்கில் எழுதப்பட்டது என்பர். இக்காலமெல்லாம் மூன்று நன்மைகள் நேர்ந்ததாக ராய் பின்னாளில் வியந்தார்: அபுவாக நடித்த சிறுவனின் குரல் உடையவில்லை, துர்க்கை வளர்ந்துவிடவில்லை, கிழவியாக நடித்த எண்பது வயது சுனிபாலா தேவி இறந்துவிடவில்லை. அம்மூதாட்டியார் தம் பகுதியை முடித்துக் கொடுத்துவிட்டே, படம் வெளிவருமுன் காலமானார். இரவிசங்கர் ஒரே அமர்வில், ஓரிரவுக்குள், இசையிற் பெரும்பகுதியை அமைத்துக் கொடுத்தார். 1955 மே மாதம் நியூயார்க்கில் முதலிற் காட்டப்பெற்று, ஆகஸ்டு 26ஆம் நாள் கல்கத்தாவில் வெளியாயிற்று. மறு ஆண்டு கான் விழாவிற் பரிசும் பெற்றது.

இங்கே நண்பரின் வினாவிற்கு வருகின்றோம். படம் எடுக்கும்போது ராய் மூன்று என்று எண்ணினாரோ எனின், இலர். முதற்படம் வென்றமையாலேயே 1956இல் இரண்டாவதாகிய அபராஜிதோவைச் செய்தார். அது கல்கத்தாவில் பொருளளவில் தோற்றது. மறு ஆண்டு வெனிஸ் நகரில் தங்கச் சிங்கம் என்னும் தலைப்பரிசு பெற்றபோது, தொடர்ந்து மூன்றாவதும் உண்டோ என்று அங்குள்ளோர் வினவ, உண்டு என்று தம் வாய் சொல்லத் தாமே கேட்டாராம். இடையில் வேறிரு படங்கள் செய்துவிட்டு, 1959இல் அபுர் சன்சார் என்னும் மூன்றாவதை முடித்தார். ஆகவே ஒட்டுத்திண்ணை என்னும் குற்றச்சாட்டு உண்மையே. அதனை மறுக்க யாம் இதனை எழுதவில்லை.

ஆயின் தமிழ் பயிலும் எமக்கு ஒன்று தோன்றுகின்றது. சிலம்பும் மேகலையும் இரட்டைக் காப்பியம் எனப்படுகின்றன. ஆசிரியரும் இருவர், நோக்கும் இரண்டு. யாரும் ஒரு கடைக்கால் தோண்டியதாகத் தெரியவில்லை. ஆயினும் கோவலன் மகள் கதையைக் கேட்பார்க்குக் கண்ணகி கதை உள்ளே ஒலித்துக்கொண்டே இருக்கின்றது. முன்னதன் துயரம் பின்னதில் விளைவாகி வரவேண்டும். அஃது அன்றோ தொடர்ச்சி? முதற்படத்தில் அபு கண்ட இரயில் வியப்பு. இரண்டாவதில் அவ்விரயிலே அவனைத் தாயிடமிருந்து பிரித்துச் செல்கின்றது. மூன்றாவதில் இருப்புப்பாதையை ஒட்டிய சிற்றறையில் அவன் குடியிருக்கின்றான். மனைவியை இழந்தபின் அவ்வொலியே பொறுக்கவொண்ணாததாகின்றது. 1931 முதல் மின்சார இரயில் ஓடும் தாம்பரத்தில் இருப்பார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. எத்தனை மாணவர் ஊரைவிட்டு வந்து இந்நிலையத்தில் இறங்கினரோ, அத்தனைபேர்க்கும் தெரியும்.

மூன்றாவதே சிறந்ததெனக் கூறுவார் பலர். சௌமித்ர சட்டர்ஜியும், பதினான்கு வயதினராகிய சர்மிளா தாகூரும் முதன்முதல் திரைக்கு வந்த படம் அது. எமக்கோ இரண்டாவதே பெரிது. உதவிச் சம்பளம் பெற்ற அபு, கையில் ஒரு பூகோள உருண்டையோடு கல்கத்தாக் கல்லூரிக்குச் செல்கின்றான். பகலிற் படிப்பு; இரவில் அச்சகத்தில் வேலை. ஊரில் அன்னை சர்வஜயா தனித்திருந்து, தொலைவிற் செல்லும் ஒவ்வொரு வண்டியையும் பார்த்திருக்கின்றாள். தன் நோயை மகனுக்கு எழுதுகின்றிலள். விடுமுறைக்கு வந்தவன் தூங்கி வழிகின்றான். அவள் பேசிக்கொண்டே இருக்கின்றாள். ஒருமுறை நிலையம்வரை சென்று, வண்டி வந்தபின்னும் ஏறாது திரும்பி, வண்டி தவறிற்று என்று பொய் சொல்லி ஒருநாள் உடனிருக்கின்றான். இறுதியில் அவள் இருளில் மின்மினிகளைப் பார்த்தபடி இறக்கின்றாள். அவன் காலங்கடந்து வருகின்றான். தேர்வு இருக்கின்றது என்று உடனே திரும்பிவிடுகின்றான். தாயின் மறைவு கேட்ட மகனுக்கு ஒரு கணம் விடுதலை போன்ற உணர்ச்சி தோன்றியதாகப் புதினத்தில் உள்ள இடமே தம்மை ஈர்த்ததென்று ராய் எழுதியுள்ளார். வங்க மக்கள் அப்படத்தை வெறுத்ததில் வியப்பொன்றுமில்லை. கைம்பெண்ணாகிய தாய்க்கு ஒற்றைப் பிள்ளையாய் வளர்ந்த ஒருவரே, அத்தாய் உயிரோடு இருக்கும்போதே, இதனைச் செய்தார் என்பதை நினைக்குந்தோறும் எமக்கு நெஞ்சு திடுக்கிடுகின்றது. சுப்ரபா அம்மையார் 1960இல்தான் மறைந்தார்.

இப்படத்தில் மற்றொரு செய்தியும் குறிக்கத்தக்கது. காசி நகரத்து வீட்டு முற்றத்தைக் கூடத்துள் அமைத்தபோது, வானிலிருந்து இறங்கும் நிழலற்ற வெளிச்சத்தை எங்ஙனம் கொணர்வது என்று திகைத்தனர். சுப்ரத மித்ரர் மேலே வெள்ளைத்துணி கட்டி, விளக்கொளியை அதன்மேற் பாய்ச்சிக் கீழே வழியவிட்டார். நடுமுற்றமுடைய வீட்டிற் பிறந்தார் எவரும் அவ்வெளிச்சத்தைப் பொய்யென்னார்.

எஞ்சிய வாழ்க்கையைச் சுருங்கச் சொல்வோம். குறும்படங்களும் செய்திப்படங்களும் உட்பட முப்பத்தாறு படங்கள் செய்தார். 1961 முதல் பெரும்பாலும் இசையும் தாமே அமைத்தார். பாட்டனாரின் சந்தேசு இதழை அவ்வாண்டே மீட்டெழுப்பி, துப்பறியும் பெலுதாவின் கதைகளைச் சிறுவர்க்கு எழுதினார். வணிகர் கணக்கெழுதும் சிவப்புத்துணி அட்டைப் பேரேட்டில் காட்சிதோறும் படம் வரைந்து வைத்துக்கொள்வது அவர் வழக்கம். பிரதித்வந்தி, சீமாபத்த, ஜன ஆரண்ய என்று கல்கத்தா நகர்பற்றி மற்றொரு மூன்றும் தந்தார். அவற்றில் மாந்தர் தொடர்வதில்லை. மணிரத்னக் கட்சியார் இதனைத் தமக்குச் சான்றாகக் கொள்ளலாம், யாம் தடுக்கவில்லை. நம் சென்னைக்கும் அவர்க்கும் ஓர் உறவுண்டு. சிறுவராயிருந்தபோது கல்கத்தாவிற் கண்ட பாலசரசுவதி அம்மையாரின் ஆடலை மறவாது, 1976இல் பாலா என்னும் அரைமணியளவான செய்திப்படம் எடுத்தார். அதில் அவ்வம்மையார் கடற்கரையில் ஆடுங் காட்சியை நம்மவர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் காணல் வேண்டும்.

1983இல் இதயநோய் கண்டது. 1992இல் அமெரிக்கத் திரைக்கலைக் கழகத்தார் அளித்த வாழ்நாட் பரிசை மருத்துவமனைக் கட்டிலிற் படுத்தபடியே பெற்றார். அவ்வாண்டே பாரத ரத்னமும் வந்தது. ஏப்பிரல் 23ஆம் நாள் உயிர் நீத்தார். அடுத்த ஆண்டு இலண்டனில் ஒரு படச்சாலையில் நேர்ந்த தீயில் அபுவின் மூன்று படங்களின் மூலச் சுருள்களும் வெந்தன. கருகி எஞ்சியவற்றை எறிந்துவிடாது அமெரிக்கக் கழகத்தார் காத்துவைக்க, பல்லாண்டுகள் கழித்து இத்தாலியில் போலோஞா நகரத்து வல்லுநர் சட்டம் சட்டமாய்ப் பழுதுபார்த்தனர். மீட்க இயலாத பகுதிகளுக்கு வேறு பிரதிகளைக் கொண்டனர். 2015இல் அவை மீண்டும் நியூயார்க்கில் காட்டப்பெற்றன.

அன்றைய வாக்கெடுப்பில் மோதிரக் கதையே வென்றது. அடுத்த திங்களில் யாம் வேண்டிக்கொண்டபடி மன்றத்தில் அபராஜிதோவைத் திரையிட்டனர். மழை இல்லாமையால் வந்தவர் சிலரே. இலக்கணம் விதித்த நண்பரும் வந்திருந்தார். அவர் ஊர் திருநெல்வேலிப் பக்கம். படம் முடிந்து விளக்கேற்றியபின்னும் சிறிது நேரம் எழாதிருந்து, பின்னர்த் தாழ்வாரத்து மூலையில் நின்று தம் தாயாரோடு தொலைபேசியில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். தம் கட்சியை அவர் இன்றுவரை மாற்றிக்கொண்டிலர்.