முடியும் ஈயக்கட்டியும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் கல்லூரியின் பழைய அச்சுக்கூடத்தைக் கலைத்தபோது, தேய்ந்த எழுத்துக்களை உருக்கி வார்த்த கட்டிகள் ஒரு சாக்கு நிறைய எஞ்சின. பழைய குழாய்களினின்றும் கழற்றிய வெறுங் காரீயமும் அவற்றோடு கலந்து கிடந்தது. வாங்க வந்த வியாபாரி எல்லாம் ஒன்றே என்று காரீயத்தின் விலையையே பேசினார். பார்வைக்கு இரண்டும் ஒரே சாம்பல் நிறந்தான். ஆனால், காரீயம் நகம் பட்டாற் கீறும். அச்சீயம் கீறாது, தட்டினால் ஒலிக்கும். வெள்ளீயமும் அந்திமனியும் சேர்ந்தமையால் வந்த வன்மை அது. துவக்குக்குக் குண்டு வார்ப்போர் பழைய அச்சீயத்தைத் தேடி வாங்கியதும் அவ்வன்மை கருதியே.

வியாபாரி நகக்கீறலைச் சான்றாக ஏற்றாரில்லை. மாணவர் சிலர் ஆய்வுகூடத்துத் தராசையும் ஒரு பாத்திரம் நீரையும் கொண்டுவந்தனர். ஒவ்வொரு கட்டியையும் முதலிற் காற்றிலும், பின்னர் நூலிற் கட்டி நீரினுள்ளும் நிறுத்தோம். காரீயம் தன் பருமனளவான நீரைப்போல் 11.3 மடங்கு நிறையுடையது. எங்கள் கட்டிகளுட் பல 10.3 ஐ ஒட்டி நின்றன. வியாபாரி வேறொன்றும் சொல்லாது விலையை உயர்த்தினார். அன்றிரவு நான் நினைந்தது, எங்களுக்கு அவ்வழியைக் காட்டிய ஆக்கிமிடீசு என்னும் கிரேக்கப் பெரியாரையே.

அவர் சிசிலித் தீவிலுள்ள சிராக்கியூசு நகரிலே கி.மு. 287 அளவிற் பிறந்தவர். தந்தையார் பீடியாசு வானநூல் வல்லவர். அலெக்சாந்திரியாவிலிருந்த கோனன், எரத்தோசுதேனிசு முதலிய அறிஞரோடு கடிதவாயிலாகத் தாம் கண்ட கணித உண்மைகளைப் பகிர்ந்துகொண்டார். வாழ்நாளின் பெரும்பகுதி கியரோ மன்னனின் ஆட்சியிலே கழிந்தது.

கோயிலுக்குக் காணிக்கையாகப் பொன்முடியொன்று செய்வித்தான் கியரோ. கொடுத்த பொன்னின் நிறையும் முடியின் நிறையும் ஒத்திருந்தன. எனினும், தட்டான் வெள்ளியைக் கலந்துவிட்டான் என ஐயம் பிறந்தது. முடியை உருக்கிப் பார்த்தால் தெய்வத்துக்குரிய பொருள் அழியும். பாராதுவிட்டால் ஒரு தொழிலாளி குற்றமின்றியே தண்டிக்கப்படலாம், அல்லது கள்வன் தப்பலாம். நீராடுந் தொட்டியில் இறங்கியபோது நீர் வழிந்ததைக் கண்டு விடை தெளிந்த ஆக்கிமிடீசு, ஆடையுமின்றித் தெருவில் ஓடினார் என்பது கதை. அதனைச் சொல்பவர் ஏறத்தாழ இருநூறாண்டு பிந்திய உரோமக் கட்டடக் கலைஞர் வித்துருவியசு. தட்டானின் களவு வெளிப்பட்டது என்றும் அவர் முடிக்கிறார்.

இக்கதையை மாணவருக்கு நானும் பன்முறை சொல்லியிருக்கிறேன். ஆனால், வழிந்த நீரை அளந்தார் என்பதுதான் இடிக்கிறது. ஒரு கிலோகிராம் நிறையுள்ள முடியிலே பத்தில் மூன்று பங்கு வெள்ளி கலந்திருப்பினும், தூய பொன்னினும் அது மிகையாக வெளியேற்றும் நீர் 13 கன சென்ரிமீற்றரளவே. 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பாத்திரத்தில் இதனால் நீர்மட்டம் அரை மில்லிமீற்றர்தானும் மிகையாக உயராது. தராசிலே நீரினுள் நிறுத்தாலோ அதே வேறுபாடு 13 கிராமாகத் தெளிவாய்த் தோன்றும். கலிலியோ 1586 இல், தமது இருபத்திரண்டாம் வயதில் எழுதிய சிறுநூலில், ஆக்கிமிடீசு கையாண்டிருக்கத்தக்கது தராசு முறையே என வாதித்தார். அதுவே எனக்கும் ஏற்புடையது. நீரில் அமிழ்ந்த பொருள் தான் வெளியேற்றிய நீரின் நிறையளவு நிறை குறையும் என்னும் விதி, மிதக்கும் பொருள்களைப் பற்றிய அவருடைய நூலில் உண்டு. முடிக்கதை அந்நூலில் இல்லை.

அந்நூலின் கிரேக்க மூலமே அரிதிற் கிடைத்தது. எழுத்தைச் சுரண்டி அழித்து, மேலே கிறித்தவ வழிபாட்டுரை எழுதப்பெற்ற தோலேட்டினின்றும் 1906 இல் கைபெர்க்கு என்னும் தெனிசு நாட்டறிஞர் அதனைப் படித்தெடுத்தார். செல்லரித்த ஏட்டோடு போராடிய பதிப்பாசிரியர்களை அறிந்த எமக்கு அவ்வுழைப்பின் அருமை தெரியும்.

கி.மு. 215 இல் கியரோ இறந்தான். நகர் உரோமரைக் கைவிட்டுக் கார்த்தேசினரோடு சேர, மார்செல்லசு படையோடு வந்து முற்றுகையிட்டான். முதியவரான ஆக்கிமிடீசின் பொறிகள் மதிலை நெருங்கிய கப்பல்கள்மீது பெருங்கற்களையும் பெரும் ஈயக்கட்டிகளையும் வீழ்த்தின எனப் பொலிபியசு எழுதுகிறார். அவ்வீயம் தூயதோ கலப்புளதோ என எவரும் நிறுத்துப் பார்த்திரார்! கி.மு. 212 இல் நகர் வீழ்ந்தது. உயிரோடு பிடிக்க விரும்பிய மார்செல்லசின் எண்ணத்துக்கு மாறாக, ஒரு போர்வீரன் அவரை வாளுக்கு இரையாக்கினான்.

உருளையினுள் அடங்கிய கோளத்தைத் தம் கல்லறையிற் பொறிக்குமாறு அவர் கேட்டிருந்தார் என்பர். அக்கோளம் உருளையின் மூன்றில் இரண்டு பங்காதலை நிறுவியதையே தம் தலையாய பணியாக அவர் எண்ணினார் போலும். 137 ஆண்டுகள் கழிந்தபின், சிசிலியில் அரச அலுவலராயிருந்த சிசெரோ கல்லறையைத் தேடியபோது, அவ்வூரார்க்கே அஃதிருந்த இடம் தெரியவில்லை. முட்செடிகளுக்கு மேலாகத் தலைகாட்டிய சிறுதூணொன்றிற் கோளமும் உருளையும் இருக்கக் கண்டு, அரிவாள் கொண்டு ஆட்களை அனுப்பி வழி வெட்டுவித்தார்.