மார்ஸை ரெண்டு தடவை வரைந்த ரூபன்ஸ்

பீட்டர் பால் ரூபன்ஸ் என்றதும் கொழுகொழு பெண்களும் சுவர் சைஸ் ஓவியங்களும்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனா மனுஷனுக்கு இன்னொரு வேலையும் இருந்தது: ராஜாக்களுக்கு நடுவில் சமாதானம் பேசுவது.

பிறந்தது 1577இல், ஜெர்மனியின் சீகன் ஊரில். அப்பா யான் ஆண்ட்வெர்ப்பில் வக்கீல். மதச் சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடியவர், போன இடத்தில் ஆரஞ்சு இளவரசர் வில்லியமின் மனைவியோடு பழகி ஜெயிலுக்குப் போனார். ரூபன்ஸின் அம்மா மரியாதான் போராடி அவரை மீட்டார். (சீரியல் கதை மாதிரி இருக்குல்ல?) 1587இல் அப்பா இறந்ததும் குடும்பம் ஆண்ட்வெர்ப் திரும்பியது.

1600இல், 23 வயதில் இத்தாலி போய் மாண்டுவா பிரபுவிடம் வேலைக்குச் சேர்ந்தார். 1603இல் அந்தப் பிரபு, ஸ்பெயின் ராஜாவுக்குக் கொடுக்கப் பரிசுப் பொருட்களோடு இவரை அனுப்பினார். மழையில் ஓவியங்கள் நனைஞ்சு போச்சு. ரூபன்ஸ் உட்கார்ந்து எல்லாத்தையும் சரி பண்ணி, தேறாமல் போனதுக்குப் பதிலா தானே ஒண்ணு வரைந்தும் கொடுத்தார். தூதுப் பணியில் அதுதான் ஆரம்பம். 1608இல் அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு கேட்டு ஊருக்கு ஓடினார். போய்ச் சேர்வதற்குள் அம்மா இறந்துவிட்டார்.

அவர் ஊர் ஸ்பெயின் ஆட்சியில் இருந்தது. வடக்கே டச்சுக்காரர்கள் விடுதலைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். 1609இல் 12 வருஷப் போர்நிறுத்தம் வந்தது. அந்த அமைதியில்தான் கல்யாணம், அரசவை ஓவியர் பதவி, பெரிய பட்டறை எல்லாம். 1621இல் மறுபடி போர். 1626இல் மனைவி இசபெல்லா இறந்தார். அதற்குப் பிறகு ரூபன்ஸ் தூதுப் பணியில் முழுசா இறங்கினார்.

1628இல் மாட்ரிட், அடுத்த வருஷம் லண்டன். இங்கிலாந்தையும் ஸ்பெயினையும் சேர்த்து வைப்பது வேலை. அங்கே இருக்கும்போது வரைந்து சார்லஸ் மன்னருக்குக் கொடுத்த ஓவியம் இப்போ லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கு. அதில் போர்க்கடவுள் மார்ஸை ஞானதேவதை மினர்வா நெட்டித் தள்ளுகிறாள். முன்னால் சமாதான தேவதை ஒரு குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள், சுற்றிலும் பழங்களும் பிள்ளைகளும். 1630 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதோடு டச்சுக்காரர்களோடும் பேசி முடிச்சிடலாம்னு முயற்சி பண்ணினார். அது மட்டும் நடக்கவே இல்லை. கடைசியில் தூதுப் பணியையே விட்டுவிட்டார்.

1638இல் ஃபிளாரன்ஸுக்காக மறுபடி மார்ஸை வரைந்தார். அகலமே கிட்டத்தட்ட 3.4 மீட்டர். ரோமில் போர்க்காலத்தில் மட்டும் திறந்திருக்கும் ஜேனஸ் கோயில் கதவு இதில் திறந்து கிடக்கு. மார்ஸ் வாளோடு வெளியே பாய்கிறான். வீனஸ் அவன் கையைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறாள். எதிர்ப்பக்கம் அலெக்டோ என்ற வெறிதேவதை தீப்பந்தத்தோடு இழுக்கிறாள். யார் ஜெயிக்கிறார்கள் என்பது பார்த்தவுடனே தெரியும். மார்ஸ் புத்தகத்தை மிதித்துக்கொண்டு போகிறான். கீழே உடைந்த வாத்தியத்தோடு ஒரு பெண், பிள்ளையை அணைத்த ஒரு தாய், கருவியைக் கையில் பிடித்தபடியே மல்லாந்து விழுந்த ஒரு கட்டடக் கலைஞர். சிவில் மக்கள் அந்த வலது மூலையை ஜூம் பண்ணிப் பாருங்க.

கறுப்பு உடையில் கைகளைத் தூக்கி அலறும் பெண்தான் ஐரோப்பா. இதை ரூபன்ஸே ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கார். எனக்கு லண்டன் ஓவியத்தைவிட இதுதான் பிடிக்கும். முதல் ஓவியத்தில் ஒரு தூதரின் நம்பிக்கை தெரியுது. இதில் இருப்பவர் பேச்சுவார்த்தை மேசையில் தோற்றுப்போன 60 வயது மனுஷன்.

அப்போதே மூட்டுவாதம் கையை முடக்க ஆரம்பித்திருந்தது. 1640 மே 30இல் ஆண்ட்வெர்ப்பில் இறந்தார். இரண்டாவது மனைவி ஹெலெனா அப்போ கர்ப்பமா இருந்தார். எட்டு மாதம் கழித்துக் கடைசி மகள் பிறந்தாள். 1648 அக்டோபரில் ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போர் முடிந்தபோது அவளுக்கு ஏழு வயது.