காடும் கொல்லைப்புறமும்: இயற்கையாளர் மா. கிருஷ்ணன் (1912–1996)

நூற்றாண்டு மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டனர். நாங்கள் இவரைச் சொன்னதும் சற்றுத் தயங்கினார்கள். தீவகத்திலே பிறந்து பெயர் விளங்கிய பெரியோர் பலர் இருக்க, திருநெல்வேலியிலே பிறந்து சென்னை மயிலாப்பூரிலே வாழ்ந்து மறைந்த ஒருவருக்கு எங்கள் மலரில் என்ன இடம் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். அவரை நாங்கள் அறிந்துகொண்ட கதையைச் சொன்னால் காரணம் விளங்கும். முதலில் அவர் வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறோம்.

மா. கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு யூன் மாதம் 30ஆம் திகதி பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தையார் அ. மாதவையா. தமிழ் நாவல் இலக்கியம் படித்தவர்கள் பத்மாவதி சரித்திரம் எழுதியவர் என்று அவரை அறிவார்கள். பெண்கள் படிக்கவேண்டும், கைம்பெண்கள் மறுமணம் செய்யவேண்டும் என்று அந்தக் காலத்திலேயே எழுதியவர். உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்து, அதை விட்டபின் மயிலாப்பூரிலே வீடு கட்டி அச்சகமும் நடத்தினார். அன்றைய மயிலாப்பூர் இன்றைய மயிலாப்பூர் அல்ல. வீட்டைச் சுற்றிப் பற்றைக்காடு. நரியும் பறவைகளும் உலாவிய இடம். சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தான். அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதற்கும் வித்து அந்தக் கொல்லைப்புறத்திலேதான் விழுந்தது என்று நாங்கள் நினைக்கிறோம்.

1925ஆம் ஆண்டு ஒக்டோபரில் சென்னைப் பல்கலைக்கழக செனற் சபையிலே, பீ.ஏ. வகுப்புக்குத் தமிழ் வேண்டும் என்று பேசி முடித்த கையோடு மாதவையா உயிர் நீத்தார். கிருஷ்ணனுக்கு வயது 13. அவரைப் பார்த்து வளர்க்கும் பொறுப்பு மூத்த அக்கா இலட்சுமியின் தோளில் விழுந்தது. பெண்களைப் படிப்பிக்க வேண்டும் என்று தந்தை வாயால் சொன்னதோடு நிற்கவில்லை என்பதை அந்த அக்காவின் வாழ்க்கையே காட்டியது. பெரிய மனிதர்களின் சரித்திரங்களில் இப்படியான அக்காமாருக்கு ஒரு வரிக்குமேல் கிடைப்பதில்லை. தகப்பன் கடலோடு போக, தம்பி தங்கையரை ஆளாக்கிவிட்ட அக்காமார் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். ஆகவே இந்த வரியிலே நாங்கள் சற்று நின்றுதான் போகிறோம். அண்ணன்மாரில் ஒருவரான அனந்தநாராயணன் பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றப் பிரதம நீதியரசரானவர்.

கிருஷ்ணன் பிரெசிடென்சிக் கல்லூரியிலே தாவரவியல் கற்றார். பைசன் என்ற ஆங்கிலப் பேராசிரியர் மாணவர்களை மலைகளுக்குக் கூட்டிச்சென்று செடிகொடிகளைக் காட்டிப் படிப்பித்தவர். அவருடைய மனைவியிடமிருந்து கிருஷ்ணன் நீர்வண்ண ஓவியம் பழகிக்கொண்டார். ஆனால் சோதனையில் பெரிய புள்ளிகள் எடுக்கவில்லை. எம்.ஏ. படித்தார், சட்டமும் படித்து முடித்தார். உத்தியோகம் மட்டும் வாய்க்கவில்லை. பத்திரிகைகளுக்குப் படம் வரைந்தும், தமிழிலும் ஆங்கிலத்திலும் துண்டுதுண்டாக எழுதியும் காலம் போனது. சோதனைப் புள்ளியை வைத்துப் பிள்ளைகளை எடைபோடும் ஆசிரியர்கள் எங்களுள்ளும் இருக்கிறோம். அவர்கள் இந்தப் பகுதியை இன்னொருமுறை வாசிக்கலாம்.

1942இல் இந்துமதியை மணந்தார். அதே ஆண்டு பெல்லாரிக்கு அருகிலுள்ள சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. ஏழெட்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். பள்ளிக்கூட ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராசாவின் அரசியல் செயலாளர் என்று எத்தனை வேடம்! இவற்றுக்கிடையே ஆடு மேய்த்துப் பார்த்தார். புறாத் தபாலும் நடத்திப் பார்த்தார். குன்றும் காடும் சூழ்ந்த அந்தச் சிறிய ஊரிலே விலங்குகளை நாள்தோறும் அவற்றின் இடத்திலேயே பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. இந்தியா சுதந்திரமடைந்து சமஸ்தானங்கள் இணைக்கப்பட்டபோது அந்த வேலையும் முடிந்தது. மனைவியோடும் மகனோடும் சென்னைக்குத் திரும்பினார். அதன்பின் ஆயுள் முழுவதும் மாதச் சம்பளம் என்ற ஒன்றை நம்பி அவர் வாழவில்லை. பேனாவும் தூரிகையும் கமராவுமே பிழைப்பு.

1950இல் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ஸ்ரேற்ஸ்மன் பத்திரிகையில் இரு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பத்தி எழுதத் தொடங்கினார். காகம், அணில், ஆடு, ஆந்தை, வீட்டுப் பல்லி, யானை, எதுவும் விலக்கில்லை. அந்தப் பத்தி 46 ஆண்டுகள் நின்றதேயில்லை. கலியாணம், காய்ச்சல், பிரயாணம் என்று எத்தனை வந்திருக்கும்! எழுத்து மேசையில் அவர் இருக்கும் நாளில் வீட்டை ஓட்டியவரும், காட்டுக்குப் போன நாளில் வாசலைப் பார்த்திருந்தவரும் இந்துமதி அம்மையார்தான். அவரைப்பற்றி ஒரு தனிப் புத்தகம் எழுதலாம். எழுதுவாரில்லை.

படமெடுப்பிலும் அவர் தனி வழிக்காரர். வெவ்வேறு கமராக்களின் பாகங்களைப் பொருத்தித் தாமே ஒரு கமரா உண்டாக்கி, அதற்குச் சூப்பர் பொண்டெரோசா என்று பெயரும் வைத்தார். கறுப்பு வெள்ளைப் படங்களே எடுத்தார். பழக்கிய யானையின் முதுகிலிருந்து காட்டு யானைகளைப் படமெடுப்பது அவருக்குப் பிடித்த முறை. விலங்கு அதன் இயல்பிலே இருக்கவேண்டும், மனிதன் வந்து குழப்பக்கூடாது என்பதிலே கண்டிப்பானவர். வேடந்தாங்கல் பறவைகளின் காப்புக்காகக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர். 1968இல் நேரு ஆய்வு நல்கை பெற்றுத் தென்னிந்தியாவின் பெரு விலங்குகளை ஆராய்ந்தார். 1970இல் பத்மஸ்ரீ. 1995இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் அமைப்பின் குளோபல் 500 விருது. விருதுகளைப்பற்றி இவ்வளவு போதும்.

மரம் நடுகிறவர்களோடு அவருக்கு ஓயாத சண்டை. அழகான பூவுக்காகப் பிறநாட்டு மரங்களைக் கொண்டுவந்து தெருவெல்லாம் நடுவதை அவர் பொறுத்ததில்லை. இந்த மண்ணுக்குரிய மரத்தை நடு என்பார. அவர் எங்கள் தீவுக்கு வந்திருந்தால், எல்லோரையும் கூட்டிச்சென்று நாங்கள் பெருமையோடு காட்டும் பெருக்குமரத்தின் அடியில் நின்று என்ன சொல்லியிருப்பாரோ என்று எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம். அது ஆபிரிக்காவிலிருந்து வந்த மரம். எத்தனையோ தலைமுறை கடந்துவிட்டதால் குடியுரிமை கொடுத்திருப்பார் என்பது எங்களில் ஒரு பகுதியினர் கட்சி.

இனி நாங்கள் அவரை அறிந்த கதை. 1990களிலே ஊரை விட்டு எங்களிற் சிலர் சென்னையில் வாடகை அறைகளில் இருந்தோம். கடல் இல்லை, தரவை இல்லை, முருகைக்கல் மதில் இல்லை. 1996ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் திகதி கிருஷ்ணன் காலமானார். அவருடைய கடைசிப் பத்தி வெளிவந்த நாளும் அதுவே. பத்திரிகையிலே அந்தச் செய்தியைப் படித்தபிறகுதான் இப்படியொருவர் இருந்தார் என்பதே எங்களுக்குத் தெரியவந்தது. பழைய புத்தகக் கடையிலே அவருடைய காடும் கொல்லைப்புறமும் பற்றிய ஆங்கிலப் புத்தகம் அகப்பட்டது. ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேட்டோம். மொட்டைமாடியிலே வந்து உட்காரும் காகத்தையும் மைனாவையும் அதற்குப் பிறகுதான் நாங்கள் ஏறிட்டுப் பார்த்தோம். நாங்கள் இருந்த இடமும் ஓர் இடமாகத் தெரியத் தொடங்கியது அப்போதுதான்.

பிறகு ஒரு விடுமுறையில், அவர் எழுத்துத் தந்த உற்சாகத்தில், மூன்று பேர் கோடியக்கரைச் சரணாலயத்துக்குப் போனோம். பூநாரை பார்க்கத்தான் போனோம். வெளிமான் கூட்டத்துக்கு அப்பால், உவர்த்தரையிலே, கட்டையான உருவங்கள் சில தலை குனிந்து மேய்ந்துகொண்டு நின்றன. குதிரைகள்! கட்டாக்காலிக் குதிரைகள்! பாக்குநீரிணையின் இந்தக் கரையிலும் அவை இருக்குமென்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒருத்தி அந்த இடத்திலேயே இருந்து அழத் தொடங்கிவிட்டாள். வழிகாட்ட வந்தவர் குதிரைக்கு ஏன் அழுகிறார் என்று விளங்காமல் நின்றார். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை எங்கள் தரவையில் மேய்கின்றன, பள்ளிக்கூடம் போகும்போது அவற்றைப் பார்த்துக்கொண்டு போவோம் என்று அவருக்குச் சொல்லி முடிக்க வெகுநேரம் சென்றது.

கிருஷ்ணன் தமிழில் எழுதிய கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் திரட்டி, மழைக்காலமும் குயிலோசையும் என்ற பெயரில் 2002இல் நூலாக்கினார். கதிரேசன் செட்டியாரின் காதல் என்று ஒரு துப்பறியும் நாவலும் அவர் எழுதியிருக்கிறார். எதிர்பார்க்காத ஒன்று, படித்துப் பாருங்கள். எங்களுக்கு மிகவும் பிடித்ததோ வேறொன்று. தம் பேத்திக்காக, ஆங்கில அரிச்சுவடி வரிசையில் ஒவ்வொரு விலங்காக எடுத்து எழுதிப் படமும் வரைந்து அவர் கொடுத்த புத்தகம். ஒரேயொரு வாசகிக்காக எழுதப்பட்டது. அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே அச்சேறியது.

எங்கள் குதிரைகள் மேயும் பகுதி 2015இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இருந்தும் கோடை முற்றினால் தண்ணீரில்லாமல் குதிரைகள் விழுகின்றன என்று ஊரிலிருந்து செய்தி வருகிறது. கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் எங்கள் வகுப்பினர் சேர்ந்து, மேலே சொன்ன தமிழ் நூலின் 20 பிரதிகளைப் பாடசாலை நூலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். குறிகாட்டுவானிலிருந்து படகில் ஏற்றிய பெட்டி நனையாமல் வந்து சேர்ந்தது என்று கடிதம் கிடைத்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது ஒரு கொப்பியிலே, எந்தத் துரவில் எத்தனை குதிரை தண்ணீர் குடிக்க வந்தது என்று நாள்தோறும் எழுதுகிறார்களாம். முதற் பக்கத்தை யாரோ படம்பிடித்து அனுப்பினார்கள். ஓரத்தில் ஒரு குதிரையும் வரையப்பட்டிருக்கிறது. கால்கள் ஐந்துபோலத் தெரிகின்றன.