தடுப்புக் காவலை நீதிமன்றத்திலும் மக்களவையிலும் எதிர்த்த ஏ.கே.கோபாலன்

பாலக்காடு, மார்ச் 22: விசாரணையின்றி ஒருவரைச் சிறையில் அடைக்கும் அதிகாரத்தைச் சுதந்திர இந்தியாவின் உச்ச நீதிமன்றத்தில் முதன்முதலாகப் பெரிய அளவில் கேள்விக்கு உள்ளாக்கியவரும், பின்னர் அதே அதிகாரத்தை மக்களவையில் கால் நூற்றாண்டு எதிர்த்தவருமான ஏ.கே.கோபாலன் மறைந்த நாள் இன்று. சட்டக் கல்லூரி மாணவர்கள் அவரை ஒரு வழக்கின் பெயராகவே அறிகின்றனர். பாலக்காட்டு மக்கள் தங்கள் முன்னாள் மக்களவை உறுப்பினராகவும், இடுக்கி மலைப்பகுதியினர் அமராவதியில் உண்ணாவிரதம் இருந்தவராகவும் நினைவுகூர்கின்றனர்.

கண்ணூர் பகுதியில் 1904-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி பிறந்த ஆயில்யத்து குற்றியேரி கோபாலன், சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். 1930-ஆம் ஆண்டு உப்பு சத்தியாகிரகத்தில் பங்கேற்றுச் சிறை சென்றார். அடுத்து குருவாயூர் ஆலய நுழைவுப் போராட்டத்தில் தொண்டர் படைத் தலைவராக இருந்து அடிபட்டார். 1936-இல் வேலையின்மையையும் வறுமையையும் எடுத்துரைக்கக் கண்ணூரிலிருந்து சென்னைக்குப் பட்டினிப் பேரணியை நடத்திச் சென்றார். காங்கிரஸ், காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி என்பது அவரது அரசியல் பயணத்தின் வரிசை.

1941-இல் வேலூர் சிறையிலிருந்து தப்பிய அவர், 1945 வரை தலைமறைவாக வாழ்ந்தார். நாடு விடுதலை பெற்ற 1947 ஆகஸ்ட் 15 அன்று அவர் கண்ணூர் சிறையில் இருந்தார். அதன்பின் விடுவிக்கப்பட்டாலும், அதே ஆண்டு டிசம்பரில் மீண்டும் காவலில் வைக்கப்பட்டார். வெள்ளையர் ஆட்சியில் தொடங்கிய சிறைவாழ்வு, ஆட்சி மாறிய பின்னரும் தொடர்ந்தது. சாதாரணக் குற்றவியல் சட்டத்தின்கீழ் அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனைகள் ரத்தாயின. இருப்பினும் காவல் ஆணைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்த நிலையில், 1950 பிப்ரவரி 25 அன்று உள்துறை அமைச்சர் வல்லபபாய் படேல் தடுப்புக் காவல் மசோதாவைக் கொண்டுவந்தார். அன்றைய தினமே அது நிறைவேறியது. ஓராண்டுக்கு மட்டும் என்று சொல்லப்பட்ட அந்தச் சட்டம் பலமுறை நீட்டிக்கப்பட்டு 1969 இறுதி வரை நீடித்தது. அது எத்தகைய காலம் என்பதைத் தமிழக வாசகர்களுக்குச் சேலம் சிறையே சொல்லும். 1950 பிப்ரவரி 11 அன்று அச்சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் உயிரிழந்தனர்.

புதிய சட்டத்தின்கீழான காவல் ஆணை 1950 மார்ச் 1 அன்று கோபாலனிடம் வழங்கப்பட்டது. அவர் சார்பில் உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கலானது. அவருக்காக வழக்கறிஞர் எம்.கே.நம்பியார் வாதாடினார். பிற்காலத்தில் அட்டர்னி ஜெனரலாக இருந்த கே.கே.வேணுகோபால் இவருடைய மகன். மத்திய அரசுக்காக எம்.சி.செதல்வாட் ஆஜரானார்.

வழக்கின் மையக் கேள்வி எளிமையானது. சட்டம் வகுத்த நடைமுறைப்படியே ஒருவரின் உயிரையும் உரிமையையும் பறிக்கலாம் என்கிறது சாசனத்தின் 21-ஆவது பிரிவு. அப்படியானால் சட்டமன்றம் எழுதிய எந்த நடைமுறையும் போதுமா, அல்லது அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டுமா? சட்டம் எழுதியிருந்தால் போதும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் 1950 மே 19 அன்று தீர்ப்பளித்தனர். அறுவர் அமர்வில் பசல் அலி, அடிப்படை உரிமைகளைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரித்துப் பார்க்கலாகாது என்ற கருத்துடன் மாறுபட்டார். மூன்று மாதத்துக்கு மேலும் அறிவுரைக் குழுவிடம் அனுப்பாமல் காவலை நீட்டிக்க இடமளித்த 12-ஆவது பிரிவை மகாஜனும் ஏற்கவில்லை. காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடம்கூட வெளியிடக் கூடாது என்ற 14-ஆவது பிரிவு மட்டும் செல்லாது என அறிவிக்கப்பட்டது. மனு தள்ளுபடியானது. மனுதாரர் சிறையிலேயே இருந்தார். 1951-இல்தான் அவர் வெளியே வந்தார்.

அடுத்த ஆண்டே அவர் மக்களவைக்குள் நுழைந்தார். முதல் பொதுத்தேர்தலில் கண்ணூரில் வென்று, அவையின் மிகப்பெரிய எதிர்க்கட்சிக் குழுவான கம்யூனிஸ்டுகளின் தலைவரானார். அக்குழு சிறியது என்பதால் அதிகாரப்பூர்வ எதிர்க்கட்சித் தலைவர் என்ற தகுதி அவருக்கு இல்லை. 1952-இல் உள்துறை அமைச்சர் கைலாஷ்நாத் கட்ஜு தடுப்புக் காவல் சட்டத்தை நீட்டிக்க முன்வந்தபோது, அச்சட்டத்தின் கைதியாக இருந்தவரே அவையில் எதிர்த்து நின்றார். அதே மசோதாவை எதிர்வரிசையின் வேறொரு முனையிலிருந்து சியாமா பிரசாத் முகர்ஜியும் கடுமையாக எதிர்த்தார் என்பது குறிப்பிடத்தக்கது. கொள்கையில் துருவங்களான இருவர் சேர்ந்த அரிய இடம் அது. மறு ஆண்டு ஜூன் 23 அன்று முகர்ஜி காஷ்மீரில் காவலில் இருக்கும்போதே இறந்தார்.

சட்டத்தை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியிருந்ததால், அரசு ஒவ்வொரு முறையும் அவைக்கு வந்து விளக்கம் சொல்ல நேர்ந்தது. ஒப்பீட்டில், நிரந்தரச் சட்டங்களுக்கு இத்தகைய வழக்கமான கேள்விநேரம் கிடைப்பதில்லை. எதிர்க்கட்சிகளால் அந்தச் சட்டத்தை ஒருமுறையும் தோற்கடிக்க முடியவில்லை. ஆயினும் அறிவுரைக் குழுவின் பரிசீலனையை எல்லா வழக்குகளுக்கும் கட்டாயமாக்கிய 1951-ஆம் ஆண்டுத் திருத்தம் போன்றவை வெறும் அலங்காரம் அல்ல.

1957, 1962, 1967 தேர்தல்களில் அவர் காசர்கோட்டிலிருந்து தேர்வானார். ஆனால் 1961 ஜூனில் அவரது களம் தொகுதிக்கு வெகுதொலைவில், இன்றைய இடுக்கி மாவட்டத்தின் குமுளி அருகே இருந்தது. இடுக்கி நீர்மின் திட்டத்துக்காக அய்யப்பன்கோவில் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட குடியேற்ற விவசாயக் குடும்பங்கள், கொட்டும் மழையில் அமராவதியில் கொண்டுவந்து விடப்பட்டன. தமிழக எல்லையை ஒட்டிய அந்த இடத்தில் கோபாலன் காலவரையற்ற உண்ணாவிரதம் தொடங்கினார். கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிரான போராட்டத்தில் முன்னின்ற பாதிரியார் வடக்கனும் அவர் பக்கம் நின்றார். பத்து நாள்களுக்கு மேல் நீடித்த உண்ணாவிரதம் அரசின் வாக்குறுதிகளுக்குப் பின் முடிந்தது.

1964-இல் கட்சி பிளவுபட்டபின் மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர்கள் பலர் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் கைதாயினர். கோபாலனும் அவர்களில் ஒருவர். அவர் மீண்டும் உச்ச நீதிமன்றத்தை நாடினார். அதே காலத்தில் திருச்சி உறுப்பினர் அனந்தன் நம்பியாரும் புதுக்கோட்டை உறுப்பினர் ஆர்.உமாநாத்தும், காவலில் இருக்கும் உறுப்பினருக்கு அவைக்கு வரும் உரிமை உண்டா என்று வழக்காடினர். அப்படி உரிமை இல்லை என்றது நீதிமன்றம். உறுப்பினர் கைதானால் அதை அவைத்தலைவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்ற விதி மட்டும் இன்றும் உள்ளது. தகவல் வரும், உறுப்பினர் வரமாட்டார்.

1971-இல் கோபாலன் பாலக்காட்டில் போட்டியிட்டு வென்றார். ஐந்து மக்களவைகளில் தொடர்ந்து இடம்பெற்ற அவருக்கு அது கடைசித் தேர்தல். அவ்வாண்டு ஜூலையில் மிசா சட்டம் வந்தது. 1975 ஜூனில் அவசரநிலை அறிவிக்கப்பட்டபின், ஜூலையில் கூடிய மக்களவையில் கேள்வி நேரம் நிறுத்திவைக்கப்பட்டது. உறுப்பினர்கள் பலர் சிறையில் இருந்தனர். எழுபது வயதைக் கடந்த கோபாலன் எழுந்து அவசரநிலையை எதிர்த்துப் பேசினார். தணிக்கை காரணமாகச் செய்தித்தாள் வாசகர்கள் அவ்வுரையைப் படிக்க இயலவில்லை.

அவசரநிலை 1977 மார்ச் 21 அன்று விலக்கிக்கொள்ளப்பட்டது. மறுநாள் திருவனந்தபுரத்தில் அவர் காலமானார். பத்து மாதங்கள் கழித்து, மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம், நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பசல் அலி 1950-இல் தனித்து நின்ற இடத்துக்கு நீதிமன்றம் வந்துசேர 28 ஆண்டுகள் ஆயின.

தடுப்புக் காவல் இன்றும் நடைமுறையில் உள்ளது. தமிழகத்தில் 1982-ஆம் ஆண்டுச் சட்டம் குண்டர் சட்டம் என்றே அறியப்படுகிறது. எல்லைக்கு அப்பால் கேரளத்தில் 2007-ஆம் ஆண்டின் காப்பா சட்டம் உள்ளது. அறிவுரைக் குழுவின் கருத்தின்றி ஒருவரைக் காவலில் வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டு மாதமாகக் குறைத்து, குழுவின் உறுப்பினர்களை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி அமைக்கும் 44-ஆவது அரசியல் சாசனத் திருத்தத்தை நாடாளுமன்றம் 1978-இல் நிறைவேற்றியது. அதன் 3-ஆவது பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை எந்த மத்திய அரசும் வெளியிடவில்லை.