தலை குனிய வைத்த வழக்கமும் அய்யா தந்த வழக்கமும்

அய்யா துணை



எந்தப் பிள்ளையும் தலைகுனிந்து பிறப்பதில்லை. பிறந்த நாட்டின் வழக்கம்தான் அதைக் குனியப் பழக்குகிறது. அய்யா வைகுண்டரின் திருவாழ்வு நமக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

1809-இல் தென்திருவிதாங்கூரில், இன்று சுவாமித்தோப்பு என வழங்கும் பூவண்டன்தோப்பில், பொன்னு நாடாருக்கும் வெயிலாள் அம்மைக்கும் மகனாக அய்யா பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். பனையேறும் குலத்தில் பிறந்த பிள்ளைக்கு முடியும் பெருமாளும் சேர்ந்த பெயரா என்று மேல்சாதியார் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்புக்கு அஞ்சிப் பெயர் முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டது. தொட்டில் பிள்ளையின் பெயரைக்கூட வழக்கமே தீர்மானித்த காலம் அது.

அந்நாளில் ஒடுக்கப்பட்ட மக்களில் ஆண்கள் தலைப்பாகை கட்டக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி தழையக்கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது. கூலியில்லாத ஊழியம் செய்ய வேண்டும், தலைக்கு வரி கட்ட வேண்டும். பொதுக் கிணற்றை அண்ட முடியாது. இவற்றைக் காக்க எந்நேரமும் சேவகன் வந்து நிற்கத் தேவையில்லை. வழியில் மேல்சாதியார் வந்தால் ஒதுங்கி நில் என்று தாயே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளை அடிபடக்கூடாதே என்ற பாசம்தான் அவளை அப்படிச் சொல்ல வைத்தது. நாளடைவில் பயத்துக்கு அடக்கம் என்று பெயர் வந்தது.

முத்துக்குட்டியும் அந்த நாட்டிலேதான் உழைத்து வளர்ந்தார். கடும் நோயுற்ற அவரை 1833 மாசித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் அழைத்துச் சென்றார்கள். அங்கே கடலுக்குள் சென்றவர் மூன்றாம் நாள் வைகுண்டராய் வெளிப்பட்டார் என்று அகிலம் உரைக்கிறது. ஊர் திரும்பி ஆறு ஆண்டு தவமிருந்தார்.

பழைய வழக்கத்தை அய்யா வாயால் மட்டும் கண்டிக்கவில்லை. அதன் இடத்தில் வேறு வழக்கம் தந்தார். தலைப்பாகை கூடாது என்று நாடு சொன்னது. தலைப்பாகை கட்டித்தான் பணிவிடைக்கு வரவேண்டும் என்றார் அய்யா. கிணற்றை அண்டாதே என்றது நாடு. எல்லாச் சாதியாரும் ஒன்றாகக் குளித்துக் குடிக்க முத்திரிக்கிணறு வந்தது. 700 குடும்பத்தாரை வாகைப்பதியில் துவையல் தவசு இருக்கச் செய்தார். உடுத்த துணியைத் துவைத்து, ஒரு நேரம் மட்டும் உண்டு, கூடி வாழ்ந்து அவர்கள் புதுப் பழக்கம் கற்றார்கள். பள்ளியறையில் கண்ணாடி வைக்கப்பட்டது. நேற்றுவரை வழியில் ஒதுங்கியவன் கண்ணாடிமுன் நின்று தன்னிடத்தில் இறைவனைக் கண்டான்.

மக்கள் திரள்வதைக் கண்ட சுவாதித் திருநாள் மன்னரின் அரசு அய்யாவைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சிறை வைத்தது. உன் சாதியாரோடு மட்டும் நின்றுகொள், விடுகிறோம் என்ற நிபந்தனைக்கு அய்யா இசையவில்லை என்பது வழிவழியாக வரும் வரலாறு. 1839-இல் விடுதலையானார்.

இந்த வரலாறு மாஞ்சோலை மக்களுக்குத் தூரத்துக் கதை அல்ல. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் காடு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போய்த் தேயிலைத் தோட்டமானது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று லயன்கள் எழுந்தன. வேலை இருக்கும்வரைதான் வீடு என்பது அங்கே ஏற்பாடு. எந்தப் பிள்ளை படிக்க மலையிறங்குவது, எது கொழுந்து கிள்ள நிற்பது என்பதைக்கூட அந்த ஏற்பாடு பல வீடுகளில் முடிவு செய்தது. குத்தகைக் காலம் முடியும் முன்பே குடும்பங்கள் மலையிறங்க நேர்ந்தது.

லயன் வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம். நெற்றி நாமத்தையும் ஒரே பந்தியில் சமமாய் உட்காரும் பழக்கத்தையும் யாரும் காலி செய்யச் சொல்ல முடியாது. நிழல்தாங்கல் அமைய வானளாவிய கோபுரம் வேண்டாம். கண்ணாடியும் விளக்கும் கூடிநிற்கும் நாலு பேரும் போதும். எந்த ஊரில் குடியேறினாலும் அங்கே ஒரு தாங்கல் எழும்பட்டும். அங்கே நம் பிள்ளைகள் முதுகு நிமிர்ந்து உட்காரப் பழகட்டும்.

1851 வைகாசியில் அய்யா வைகுண்டம் ஏகினார். மார்பை மறைக்கும் உரிமையைத் திருவிதாங்கூர் அரசு 1859-இல்தான் அறிவித்தது. கோயில் நுழைவு உரிமை 1936-இல் வந்தது. சட்டம் பின்னால் நடந்து வந்தது. அன்புக்கொடி மக்கள் அதற்கு முன்பே தலைப்பாகை கட்டி நிமிர்ந்திருந்தார்கள்.

அய்யா உண்டு.