மண்டையோட்டை நம்பிய கால் பண்டிதர்

எட்டு எலும்புகள் தையலிட்டாற்போல் பொருந்தி, மூளையைச் சூழ்ந்து காக்கும் பேழையே மண்டையோடு. அதனைப் புறத்தே தடவிப் பார்த்து அகத்துள்ள குணங்களை அறியலாமெனத் துணிந்து, அத்துணிவிற்கே தம் வாழ்நாளை ஈந்தவர் பிரான்ஸ் யோசேப்பு கால் என்னும் ஜெர்மானிய மருத்துவர். தலையெழுத்தென்று பேசிப் பழகிய நமக்கு இக்கொள்கை பெரு விந்தையாகத் தோன்றாது.

அவர் 1758ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள், தென் ஜெர்மனியிலுள்ள டீபன்பிரான் என்னும் ஊரிற் பிறந்தார். பள்ளியில் எளிதாக மனப்பாடஞ் செய்து தம்மை வென்ற தோழர்க்குக் கண்கள் புடைத்திருத்தலைக் கண்டார். தோல்வி தந்த வருத்தமே ஆராய்ச்சிக்கு வித்தாயிற்றுப் போலும்! 1785இல் வியன்னாவில் மருத்துவப் பட்டம் பெற்றபின், சிறைச்சாலைகளையும் பித்தர் விடுதிகளையும் நாடிச் சென்று தலைகளை ஆராய்ந்தார். மண்டையோடுகளையும் வார்ப்புக்களையும் தொகுத்தார். மனத்தின் ஆற்றல்கள் 27 எனவும், ஒவ்வொன்றிற்கும் மூளையில் ஓரிடமுண்டெனவும், அவ்விடம் பெருப்பின் மேலுள்ள எலும்பும் புடைக்குமெனவும் போதித்தார். இது சமயத்திற்கு ஊறு விளைக்குமென அஞ்சிய சக்கரவர்த்தி, 1801இல் அவர்தம் சொற்பொழிவுகளைத் தடுத்தார். 1805இல் வியன்னாவை நீங்கிய பண்டிதர், பல நகரங்களிற் பேசி, 1807இல் பாரிசு சேர்ந்தார்.

அவர் பிழைத்தது எலும்பிலேதான். மண்டையோட்டின் வெளித்தகடும் உட்தகடும் எங்கும் ஒத்துச் செல்வனவல்ல. புருவத்தின்மேல் அவ்விரண்டிற்குமிடையே காற்றறைகளும் உள. ஆதலின் புறத்துப் புடைப்பு அகத்து மூளையின் அளவைக் காட்டாது. ஒவ்வாத சான்று எதிர்ப்பட்டபோதெல்லாம் அதற்கோர் சமாதானங் கூறிக் கடந்தார். இதனை மன்னித்தல் அரிது. பின்வந்தோர் இக்கொள்கையைக் கொண்டு இனங்களை உயர்வு தாழ்வெனப் பிரித்தனர். அடிமை முறைக்கும் நியாயங் கற்பித்தனர்.

எனினும் அவரை வெறும் போலியென்று தள்ளுதல் முறையாகாது. மூளையைத் துண்டு துண்டாக அரிந்து பார்க்கும் வழக்கத்தை விடுத்து, நரம்பிழைகள் செல்லும் வழியே அதனைப் பிரித்துக் காட்டினார். 1808இல் அவர் அளித்த ஆராய்ச்சியைக் கூவியே தலைமையில் அமைந்த பாரிசு அறிஞர் குழு ஏற்கவில்லை. ஆயினும் மூளையின் பகுதிகளுக்குத் தொழில் வேறு வேறு என்ற அவர் கருத்து அழியவில்லை. பேச்சிழந்த ஒருவர் இறந்தபின், அவர் மூளையின் முன்பகுதி இடப்புறத்திற் சிதைந்திருத்தலை 1861இல் புரோக்கா என்பார் எடுத்துக்காட்டினார். மொழியாற்றலைக் கால் பண்டிதரும் மூளையின் முன்பகுதியிலேயே வைத்திருந்தார். அதற்கு அவர் கொண்ட சான்று மட்டும் அப்புடைத்த கண்களே!

1828ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் பாரிசையடுத்த மோன்றூஜில் அவர் காலமானார். உடல் தலையின்றி அடக்கஞ் செய்யப்பட்டது. மண்டையோடு, அவர் விரும்பியவாறே, அவர் தொகுத்த மண்டையோடுகளோடு சேர்க்கப்பட்டது.