கண்ணாடி விரியனும் பேட்ரிக் ரஸ்ஸலும்

கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களிலும் திராட்சைத் தோட்டங்களிலும் உழைப்போர் அஞ்சும் பாம்புகளுள் ஒன்று கண்ணாடி விரியன். உலக அறிவியல் அதை பேட்ரிக் ரஸ்ஸல் என்னும் மருத்துவரின் பெயரால் அழைக்கிறது.

எடின்பரோவில் பிறந்த ரஸ்ஸல், சிரியாவின் அலெப்போ நகரில் மருத்துவராக இருந்து பிளேக் நோயை ஆராய்ந்தவர். 1781-இல் சகோதரருடன் விசாகப்பட்டினம் வந்தார். 1785-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை இயற்கை ஆய்வாளராக நியமித்தது. எந்தப் பாம்பு நஞ்சுள்ளது, எது நஞ்சற்றது என்று பிரித்தறிய முற்பட்டார்; கோழிகளையும் நாய்களையும் கடிக்கச் செய்து விளைவுகளைப் பதிந்தார். அன்று பாம்புக்கடிக்குப் பெயர்பெற்றிருந்த, ஆர்செனிக் கலந்த தஞ்சாவூர் மாத்திரையையும் நம்பிக்கையின் பேரில் ஏற்காமல் சோதனைக்கு உட்படுத்தினார். சோழமண்டலக் கரைப் பாம்புகள் குறித்த அவரது நூல் 1796-இல் வெளிவந்தது. 1805-இல் மறைந்த அவரது காலத்தில் நம்பத்தக்க முறிமருந்து உருவாகவில்லை.

1890-களில்தான் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பெர் கால்மெட் நாகத்தின் நஞ்சுக்கு முறிமருந்து கண்டார். இன்றும் குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சைச் செலுத்தி, அதன் குருதியில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்களைப் பிரித்தே மருந்து தயாராகிறது. அதற்கான நஞ்சைத் தருவதில், 1978-இல் தொடங்கப்பட்ட வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் பங்கு பெரிது.

கண்ணாடி விரியன் நஞ்சின் நொதிகள், குருதியை உறையச் செய்யும் காரணிகளைத் தூண்டித் தூண்டியே தீர்த்துவிடுகின்றன. பின்னர் குருதி உறைவதில்லை, சிறுநீரகமும் பழுதாகலாம். முறிமருந்து குருதியில் உலவும் நஞ்சை முடக்கும். பழுதான சிறுநீரகத்தை மீட்காது. எனவே தாமதம் மருந்தின் பலனைக் குறைக்கிறது.

இந்திய முறிமருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுகளைக் கொண்டே தயாராகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் குழிவிரியன்கள் இவற்றுள் இல்லை. இவை அமெரிக்காவின் கிலுகிலுப்பைப் பாம்புக்கு உறவினம். தேனி மாவட்டத்திலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு மலையேறும் தொழிலாளரை இக்குறை நேரடியாகத் தொடுகிறது.

இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். பாம்புக்கடியை 2024-இல் தமிழக அரசு அறிவிக்கத்தக்க நோயாக்கியது நல்ல தொடக்கம். பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் நான் வலியுறுத்துவது இதுதான்: கடித்த பாம்பு எது, எந்த ஊரில், எத்தனை மணி நேரத்தில் சிகிச்சை கிடைத்தது என்ற மூன்றையும் மாவட்டவாரியாகத் திரட்டி வெளியிட வேண்டும். அப்போதுதான் எந்த ஊருக்கு எவ்வளவு மருந்து, எந்த மலைக்குப் புதிய மருந்து என்பதைத் தீர்மானிக்க முடியும்.